‘தொடர்பு’க்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்?

பொட்டிதட்டி | சனி, மாலை 6.12

போன வாரம் செஞ்சிப் பக்கம் ஒரு கல்யாணம். மண்டபத்தில் சுத்தமாக டவர் இல்லை. அம்மா நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார், நாலு தடவையும் அந்தப் பதிவுக் குரல்தான் பேசியிருக்கிறது: நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். ராத்திரி வீட்டுக்குள் நுழைந்ததும், “ஏன்டா, உனக்கும் நமக்கும் தொடர்பு இல்லேன்னு ஒரு பொண்ணு சொல்லிச்சே, என்ன பண்ணித் தொலைச்சே?” என்றார். கிண்டல்தான். ஆனால் அந்தச் சொல் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது.

எங்கள் வீட்டில் ‘தொடர்பு’ என்று யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. பேப்பரில் வரும்: கள்ளத்தொடர்பு, வழக்கில் தொடர்புடைய மூவர் கைது. விளம்பரத்தில் வரும்: தொடர்புக்கு, அப்புறம் பத்து இலக்கம். ‘பெரியப்பா வீட்டோடு நமக்குத் தொடர்பு உண்டு’ என்று எந்த அம்மாவும் சொல்ல மாட்டார். அப்படியென்றால் அதற்கு வீட்டுச் சொல் என்ன? அகராதியைப் பார்க்காமல், காதில் விழுந்ததைச் சொல்லுங்கள்.

கரிசல் அக்கா | 6.40

போக்குவரத்து.

சிரிக்காதே தம்பி, சாத்தூர்ப் பக்கம் அதுதான் சொல். “அவங்க வீட்டுக்கும் நமக்கும் போக்குவரத்து கிடையாது” என்றால் பஸ் வசதி இல்லை என்று அர்த்தமில்லை. நல்லது கெட்டதுக்கு அவர்கள் இங்கே வருவதில்லை, நாம் அங்கே போவதில்லை, அவ்வளவுதான். சின்னப் பிள்ளையில் பஸ் டிப்போ வாசலில் ‘போக்குவரத்துக் கழகம்’ என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, சண்டை போட்ட சொந்தக்காரர்களைச் சேர்த்துவைக்க அரசாங்கம் ஒரு ஆபீஸ் நடத்துகிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எங்கள் அத்தைகளுக்கு அப்படி ஒன்று தேவையாகவும் இருந்தது.

இன்னும் இருக்கிறது. கொடுக்கல் வாங்கல். கொள்வினை கொடுப்பினை, அதாவது பொண்ணு எடுப்பது, பொண்ணு கொடுப்பது. அப்புறம் பேச்சுவார்த்தை. “ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல” என்றால் வீட்டுச் சண்டை. டிவியில் ‘பேச்சுவார்த்தை தோல்வி’ என்றால் சம்பள உயர்வு. எல்லாமே காலாலும் கையாலும் வாயாலும் செய்கிற காரியம், கவனித்தாயா? உட்கார்ந்த இடத்தில் இருந்தபடி வைத்துக்கொள்ளக்கூடிய உறவுக்கு எங்கள் ஊரில் சொல்லே கிடையாது.

எட்டாம் நம்பர் | 6.44

போக்குவரத்து கடன்காரனோடு மட்டும் நிற்காமல் நடக்கும் அக்கா.

சொல்வேட்டை | 7.30

பொட்டிதட்டி, உங்கள் அம்மாவுக்கு ‘தொடர்பு’ கெட்ட சொல்லாகப் படுவது பேப்பர்க்காரர்களின் கைங்கரியம். குறளில் அது நட்பு. ‘நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு’, 783ஆம் குறள். படிக்கப் படிக்க நூல் இனிக்கிற மாதிரி, பழகப் பழகப் பண்புள்ளவர் நட்பு இனிக்கும். கூடாத நட்புக்கும் அதே சொல்தான்: சொல் ஒன்று, செயல் ஒன்று என்று இருப்பவர்களின் ‘தொடர்பு’ கனவில் வந்தால்கூடத் துன்பம் என்கிறது 819. ஆக அந்தக் காலத்தில் தொடர்பு என்றால் மனுஷனும் மனுஷனும்தான். இன்று அதற்கு எல்லை போட்டு, ‘எல்லைக்கு வெளியே’ என்று ஒரு பதிவுக் குரலைச் சொல்ல வைத்திருக்கிறோம்.

ஆனால் வேர் அவ்வளவு இனிப்பானது அல்ல. தொடர் என்றால் சங்கிலி. புறநானூறு 74இல் சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழனிடம் சிறைப்பட்டுக் கிடந்து, தண்ணீரையும் கேட்டு வாங்க வேண்டிய நிலை வந்தபோது, தன்னைத் ‘தொடர்ப்படு ஞமலி’ என்கிறான். சங்கிலியில் கட்டிய நாய். ராத்திரி 11 மணிக்கு மேனேஜர் குறுஞ்செய்தி அனுப்பும்போது நான் அந்தச் சேரனைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. உங்கள் அம்மா ‘பண்ணித் தொலைச்சே’ என்றாரே, அந்தத் தொலையும் தொலைபேசியின் தொலையும் ஒன்றுதான். குறள் 762இல் ‘தொலைவிடத்து’ என்று வருகிறது, படை அழிந்து குறைந்துபோன நேரத்தில் என்று பொருள். தூரம் என்ற அர்த்தமே அங்கே இல்லை. தூரமாகப் போனதும் இல்லாமல் போனதும் ஒரே சொல்லுக்குள் கிடக்கிறது. தொல்லைபேசி என்று எல்லோரும் கடிக்கிற ஜோக்குக்குத் தேவையே இல்லை, மூலச்சொல்லே போதும்.

தந்தி ஆபீஸ் தாத்தா | இரவு 8.15

நான் தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேரன் தட்டச்சு செய்து தருகிறான், பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

தந்தி என்றால் கம்பி. வீணைக்கும் தந்திதான், தபால் ஆபீஸுக்கும் தந்திதான். (யானைக்கும் தந்தி என்று பெயர் உண்டு, அது தந்தத்திலிருந்து வந்த வேறு சொல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கம்பியைச் சொன்ன சொல் சேதிக்கு ஆகி, 1942இல் மதுரையில் ஆதித்தனார் ஆரம்பித்த பத்திரிகைக்கும் பெயராகிவிட்டது.

ஆனால் ஜனங்களுக்குத் தந்தி என்றால் ஒரே அர்த்தம்தான். சைக்கிள் வீட்டு வாசலில் நின்றாலே உள்ளே அழுகை கிளம்பிவிடும், பிரித்துப் படிக்கிற வரைக்கும் யாரும் காத்திருக்க மாட்டார்கள். பரீட்சையில் பாஸ் என்று வந்த தந்திக்கு ஒரு அம்மாள் ஒப்பாரி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். சொல்லுக்கு இத்தனை என்று காசு, விலாசத்துக்கும் சேர்த்து. அதனால் யாரும் நீட்டி எழுத மாட்டார்கள். ‘பாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி’. இதில் சீரியஸ் என்ற சொல்லுக்கு எந்த அகராதியிலும் இல்லாத ஒரு பொருள் உண்டு. அப்பா போய்விட்டார் என்று பொருள். அனுப்புகிறவனுக்கும் தெரியும், அடிக்கிற எனக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். ஆனாலும் ரயிலில் வருகிற வழியெல்லாம் ஒருவேளை உயிர் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வருவான். அந்தச் சொல் அவனுக்கு ஒரு ராத்திரியைக் கொடுத்தது. இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

கல்யாண வாழ்த்துக்கு வேறு ஏற்பாடு. வாசகங்களுக்கு எண் போட்ட பட்டியல் ஒன்று உண்டு. எண்ணை எழுதிக் கொடுத்தால் போதும், அந்தப் பக்கம் முழு வாசகமாகப் போய்ச் சேரும். இன்றைக்கு நீங்கள் அனுப்புகிற பொம்மை முகங்களைப் பார்த்தால் எனக்கு அந்தப் பட்டியல்தான் ஞாபகம் வருகிறது.

1850இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் நடுவே கம்பி இழுத்து ஆரம்பித்தது, 2013 ஜூலை 14 ராத்திரியோடு முடிந்தது. அன்றைக்கு என் பேரனுக்கு ஒரு தந்தி கொடுத்தேன். வைத்திருக்கிறானா என்று கேட்டால் பதில் இல்லை. (வைத்திருக்கிறேன் தாத்தா. எங்கே என்றுதான் தெரியவில்லை.)

நாஞ்சில்காரி | 8.50

தாத்தா, எங்கள் ஊரில் தபாலே கிடையாது, அஞ்சல்தான். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் அல்லவா, அங்கே ராஜாவின் தபாலுக்கே பெயர் அஞ்சல். கையில் மணி கட்டிய தடியோடு ஓடி வருகிற அஞ்சலோட்டக்காரன் கதையை எங்கள் பாட்டி சொல்லுவாள், மணிச்சத்தம் கேட்டால் வழிவிட வேண்டுமாம். 1951இல் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது. அதற்கப்புறமும் ரொம்ப காலம் கிழவிகள் வாயில் அஞ்சலாபீஸ்தான். தமிழ்நாட்டின் மற்ற ஊர்க்காரர்கள் ‘அஞ்சல் தலை’ என்று பலகையில் பார்த்துவிட்டு ‘ஸ்டாம்ப்’ என்று வாயால் சொல்லும்போது எங்களுக்குக் கொஞ்சம் கர்வமாக இருக்கும்.

நீங்கள் சொன்ன ஒப்பாரியைப் படித்ததும் ஒன்று தோன்றியது. அஞ்சல் என்றால் பழந்தமிழில் பயப்படுதல். ‘அஞ்சல்!’ என்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் பயப்படாதே. ஒரே உருவம், ரெண்டு அர்த்தமும் நேர் எதிர். கடிதத்துக்கு இந்தப் பெயர் அதிலிருந்து வரவில்லை என்று தெரியும், ஆனாலும் பெயர் பொருந்திவிட்டது.

வடமராட்சியான் | 9.20

இந்த இழைக்கு நான் வராமல் இருக்க முடியாது. சென்னைக்கு வந்த புதிதில் அறைத்தோழனிடம் “நேற்று உனக்கு மூன்று தரம் கோல் எடுத்தனான்” என்றேன். அவன், “நான் பண்ணவே இல்லையே, எதை எடுத்தே?” என்கிறான். எங்களுக்கு எடுக்கிறது என்றால் அழைக்கிறது. உங்களுக்கு எடுக்கிறது என்றால் பதில் சொல்லுகிறது. ஒரு கிழமை இருவரும் ஆளுக்காள் கோபித்துக்கொண்டு திரிந்தோம்.

கதைக்கிறதும் அப்படித்தான். “உன்னோட கதைச்சு கனகாலம்” என்று எழுதினால் நாங்கள் உருகுவோம், நீங்கள் ‘கதை விடுகிறான்’ என்று நினைப்பீர்கள். பாடப்புத்தகத்திலும் வித்தியாசம்: உங்களுக்குத் தகவல் தொடர்பு, எங்களுக்குத் தொடர்பாடல். எனக்குத் தொடர்பாடல்தான் பிடிக்கும். உரையாடல் மாதிரி அதில் இன்னொரு ஆள் இருக்கிறான், தகவல் தொடர்பில் தகவல் மட்டும்தான் இருக்கிறது.

பொட்டிதட்டி கேட்ட வீட்டுச் சொல்லுக்கு என்னுடைய பதில்: பாதை. யாழ்ப்பாணத்தில் ‘பாதை திறந்திட்டுதோ’ என்று கேட்டால், தெற்கே போகிற ஒரே தரைவழியான ஏ9 வீதி திறந்துவிட்டதா என்று அர்த்தம். 2002இல் சமாதான காலத்தில் திறந்தது, 2006 ஆகஸ்டில் பூட்டினார்கள். பாதை பூட்டு என்றால் கொழும்பில் இருக்கிற மகனும் இல்லை, மருந்தும் இல்லை, சாமானும் இல்லை. ஆட்கள் கப்பலிலும் விமானத்திலும் சுற்றிப் போனார்கள், அதற்கும் அனுமதி எடுக்க வேண்டும். டெலிபோன் வேலை செய்த நாளிலும் அம்மம்மா ‘பாதை பூட்டியிருக்கு’ என்றுதான் சொல்லுவா. குரல் வந்து சேர்ந்ததை அவ கணக்கில் எடுக்கவே இல்லை.

கரிசல் அக்கா | 9.31

வடமராட்சித் தம்பி, உங்கள் அம்மம்மாவும் எங்கள் அத்தைமாரும் ஒரே கட்சி.

சொல்வேட்டை | 9.55

இதையெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வருத்தமும் உண்டு. நல்ல தமிழ்ச் சொல் செய்து கொடுத்தால் மட்டும் ஏன் யாரும் எடுத்துக்கொள்வதில்லை? செல்பேசி என்று ஒருவர் வைத்தாரே, எவ்வளவு அழகு. செல்லுகிற பேசி, காதுக்கு ஆங்கிலச் சொல்லும் கேட்கிறது. அலைபேசியில் அலையும் இருக்கிறது, அலைச்சலும் இருக்கிறது. கைபேசி, திறன்பேசி, குறுஞ்செய்தி, கடவுச்சொல், வைஃபைக்கு அருகலை. செயலி மட்டும் கொஞ்சம் சிக்கல், ஆப்புக்கும் அதுதான், உள்ளே இருக்கிற சில்லுக்கும் அதுதான். இத்தனையும் இருந்தும் வாயைத் திறந்தால் ‘போன்’.

ஈப்போ மருமகள் | 10.05

எடுத்துக்கொள்வதில்லை என்று யார் சொன்னது சார்? இங்கே மலேசியாவில் கைத்தொலைபேசி சாதாரணமாகப் புழங்குகிறது. வாட்ஸ்அப்பைப் புலனம் என்று கோயில் அறிவிப்பில்கூடப் போடுகிறார்கள். ‘இணையம்’ என்ற சொல்லையே உருவாக்கியவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வார்கள். தமிழ் எழுத்து திரையில் வருவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. ஊருக்கு ஒரு எழுத்துரு, ஒருவர் அனுப்பினால் இன்னொருவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு, 1999இல் சென்னையில் இன்னொன்று, அதில்தான் தமிழ்99 விசைப்பலகை வந்தது. இணை என்றால் ஜோடி. வலை என்று வைத்திருந்தால் மீன் ஞாபகம்தான் வரும். அவர் ஜோடியைப் பிடித்தார், அது நின்றுவிட்டது. இப்போது தமிழ்நாட்டுப் பேப்பரில் அந்தச் சொல் இல்லாத நாளே இல்லை.

எட்டாம் நம்பர் | 10.09

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘நெட்டு’. “நெட்டு தீந்து போச்சு, நெட்டு போட்டு விடு.” எண்ணெய் தீர்ந்த மாதிரி.

கரிசல் அக்கா | 10.20

சொல்வேட்டை சார், நிலைத்தகவல் என்று ஒன்று எழுதுகிறீர்களே, அதை என் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கு ‘ஸ்டேட்டஸ்’ முப்பது வருஷமாகத் தெரியும். முன்பெல்லாம் “அவங்க ரொம்ப ஸ்டேட்டஸ் பாப்பாங்க” என்றால் வரன் அமையாது. இப்போதும் அதே வாக்கியம்தான், அதே மாமியார்தான், காலையில் எழுந்ததும் ரொம்ப நேரம் ஸ்டேட்டஸ் பார்க்கிறார். யார் வீட்டில் என்ன விசேஷம், யார் நகை புதுசு என்று. யோசித்தால் பழைய அர்த்தம் ஒன்றும் மாறவில்லை.

எனக்குக் கோபம் வருவது ‘பகிர்’ மேல்தான். ‘ஒரு கருத்தைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்’ என்கிறார்கள். சொல்கிறேன் என்று சொன்னால் என்ன? பகிர்வது என்றால் என் தட்டில் இருக்கிற இட்லியில் பாதி குறைய வேண்டும். பத்து பேருக்கு அனுப்பினாலும் உன்னிடம் அப்படியே முழுசாக இருக்கிறது என்றால் அது எப்படிப் பகிர்வாகும்? பங்கு போட்டவர்களுக்குத்தான் பங்காளி என்று பேர், அவர்களுக்குள்தான் வரப்புச் சண்டையே வரும். ஒரு பதிவைப் பகிர்ந்து யாருக்கும் யாரும் பங்காளி ஆனதில்லை.

சொல்வேட்டை | 10.41

பங்காளி அடி பலமாக விழுந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன் அம்மா. பதிலுக்கு ஒன்று தருகிறேன். தொல்காப்பியத்தில் ‘புலம்பே தனிமை’ என்று ஒரு நூற்பா. புலம்பு என்றாலே தனியாக இருப்பது. அப்புறம்தான் அது அழுவதற்கும் அரற்றுவதற்கும் ஆனது. ராத்திரி ரெண்டு மணிக்கு முகநூலில் நீளநீளமாக எழுதுகிறவர்களை நாம் ‘புலம்புறான்’ என்கிறோம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அர்த்தத்தைத் தெரியாமலே சரியாகச் சொல்லிவிடுகிறோம்.

எட்டாம் நம்பர் | 10.43

சார், மணி 10.43. நீங்களும் கவனமாக இருங்கள்.

பொட்டிதட்டி | 11.20

மேலிருந்து கீழாக எல்லாவற்றையும் ரெண்டு தடவை படித்தேன். எனக்கு ஒன்று பிடிபடுகிறது, தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

நாம் சண்டை போடுவதெல்லாம் பெயர்ச்சொல்லுக்காக. போனா, பேசியா, புலனமா என்று. வினைச்சொல் பக்கம் யாருமே போகவில்லை, அது சத்தமில்லாமல் தமிழாகவே இருக்கிறது. போன் போடு, மெயில் போடு, ஸ்டேட்டஸ் போடு. இந்தப் போடு எங்கிருந்து வந்தது? கடிதத்தைக் கொண்டுபோய்ச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டோம், அதிலிருந்து. பெட்டியைக் காணோம், போடு மட்டும் இருக்கிறது. தந்தி ஆபீஸில் கட்டையைத் தட்டித் தந்தி ‘அடித்தார்கள்’, நாம் இன்னும் மெயில் அடிக்கிறோம், மெசேஜ் அடிக்கிறோம், ஊட்டி குளிரில் பல்லும் தந்தி அடிக்கிறது. போனை ‘வைக்கிறேன்’ என்கிறோம், கையில் இருப்பதை எங்கே வைக்கிறோம்? மேஜையில் இருந்த கறுப்பு ரிசீவரை வைத்த பழக்கம். எடுக்கிறதும் அந்த ரிசீவரைத்தான், சென்னைக்காரன் பதில் சொல்ல எடுத்தான், யாழ்ப்பாணத்துக்காரர் எண்ணைச் சுற்ற எடுத்தார். ரெண்டு பேரும் ஒரே சாமானைத்தான் கையில் எடுத்தார்கள், நடுவில் ஒரு வாரம் சண்டை.

அப்புறம், மிஸ்டு கால் ‘விடு’. தூது விடுவது போல.

நாஞ்சில்காரி | 11.32

மிஸ்டு காலா! 2003 வரைக்கும் வருகிற அழைப்புக்கும் காசு போகும், அதனால் எடுக்காமல் விடுவதே மரியாதையாக இருந்தது. அதற்கப்புறம் அனுப்புகிறவனுக்கு மட்டும் காசு என்று ஆனதும் எங்கள் ஹாஸ்டலில் ஒரு பாஷையே உருவாகிவிட்டது. ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்தாச்சு. ரெண்டு ரிங் என்றால் கீழே வா. விடாமல் அடித்தால் காசு போனாலும் பரவாயில்லை, எடு. தவறிய அழைப்பு என்று மொழிபெயர்த்தவருக்கு எதுவும் தெரியாது. அதில் தவறியது ஒன்றுமே இல்லை, எல்லாம் கணக்காகப் போய்ச் சேர்ந்தது.

தந்தி ஆபீஸ் தாத்தா | ஞாயிறு, காலை 5.50

பொட்டிதட்டி சொன்ன ‘அடி’ சரிதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மோர்ஸ், கையால்தான் தட்டுவோம். ஒவ்வொரு ஆளுக்கும் தட்டுகிற கை வேறு. ராத்திரி ஷிப்டில் திருச்சியிலிருந்து யார் அடிக்கிறார் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஒரு ஆளோடு அப்படிப் பல வருஷம், முகம் பார்த்ததில்லை. சளி பிடித்திருந்தால்கூட அவர் கை கொஞ்சம் மெதுவாகப் போகும். டெலிபிரிண்டர் வந்தபிறகு எல்லார் கையும் ஒன்றாகிவிட்டது, அவர் இருக்கிறாரா, மாற்றலாகிப் போனாரா என்று எனக்குத் தெரியாமலே போயிற்று. இதற்கு என்ன சொல் என்று யோசித்தேன். சொந்தம் இல்லை, நட்பு என்றும் சொல்ல முடியாது. நாங்கள் ‘லைன்ல பழக்கம்’ என்போம்.

வடமராட்சியான் | 7.15

ஐயா, அந்தச் சொல்லை நான் எடுத்துக்கொள்கிறேன். இங்கே இருக்கிற எல்லோரும் எனக்கு லைன்ல பழக்கம்தான்.

பொட்டிதட்டி | 9.40

காலையில் தோசைக்கு நடுவே அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். மாமா வீடு, பெரியப்பா வீடு, பக்கத்து வீட்டு டீச்சர், இவங்களோடெல்லாம் நமக்கு இருக்கிறதுக்குப் பேர் என்னம்மா? கொஞ்சம் யோசித்துவிட்டு, “புழக்கம். டீச்சர் நம்ம வீட்டுல புழங்குறவங்க, உங்க பெரியப்பா அப்படி இல்ல” என்றார். அப்போ போன்ல தினமும் பேசுற உங்க அக்கா? “அவ போன்ல பேசுறா” என்றார், அவ்வளவுதான், அதற்கு வேறு சொல் தரவில்லை.

எட்டாம் நம்பர் | 9.52

எங்கள் தெருவில் புழக்கம் என்றால் ஒரே அர்த்தம்தான். குடிக்கிற தண்ணி வந்துவிட்டது, புழங்குற தண்ணி ரெண்டு நாளாக வரவில்லை. லைன்மேனுக்குப் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம்.